கையைத் தூக்கிய மாரிச்செல்வி

மாரிச்செல்விக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. சுந்தரபாண்டியபுரத்தில் நெல்லும் சூரியகாந்தியும் போட்ட பிச்சையாவின் மகள் அவள். அண்ணன்மார் இரண்டு பேரும் கத்தித் தீர்த்துக்கொள்வார்கள். இவள் வாயை இறுக மூடிக்கொண்டு மாட்டுத் தொழுவத்தில் போய் நிற்பாள்.

தூத்துக்குடியில் இன்ஜினியரிங் படித்தபோது, விடுதி அறையில் கூட இருந்தவள் ஒரு கிட்டார் வைத்திருந்தாள். அவளுடைய போனில்தான் மாரிச்செல்வி முதன்முதலில் ப்ளூஸ் கேட்டாள். அமெரிக்கப் பருத்திக் காடுகளில் முதுகொடிந்த கறுப்பின மக்களின் பாட்டு அது, பின்னால் வந்தவர்கள் அதற்கு மின்கிட்டாரும் டிரம்ஸும் கொடுத்து ராக் ஆக்கினார்கள் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குப் புரிந்தது ஒன்றுதான். கம்பியை விரலால் மேலே தள்ளினால் சுரம் இழுபட்டு அலறியது. தனக்கு வராத சத்தம் அதற்கு வந்தது.

படிப்பு முடிந்ததும் வேலை தேடவில்லை. சென்னை, கொச்சி, பெங்களூரு என்று ஹோட்டல்களிலும் கல்லூரி விழாக்களிலும் வாசித்தாள். போன இடமெல்லாம், "பொண்ணா இருந்துக்கிட்டு என்னமா வாசிக்கிறீங்க!" என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு கௌரிசங்கரின் குழுவில் சேர்ந்தாள். தென்காசியில் கோயிலை ஒட்டிய பெரிய வீட்டுப் பையன். நன்றாகப் பாடுவான், அதைவிட நன்றாக மேடை பிடிப்பான். டிரம்ஸுக்குக் கடையநல்லூர் யாசர். ஏழு வருஷத்தில் அந்தக் குழுவுக்கு ஒரு பெயர் வந்தது.

போன குற்றாலச் சீசனில், ஐந்தருவிப் பக்கம் ஒரு ரிசார்ட் மைதானத்தில் நிகழ்ச்சி. சொந்த மண்ணில் முதல் முறை. போஸ்டரில் அவள் முகம்தான் பெரிசு. அம்மா பார்வதியம்மாள் ஊர்ப் பெண்களை வேனில் ஏற்றிக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குளித்த தலை காயாமல், தோளில் துண்டோடு பின்னால் பெருங்கூட்டம். சாரல் விழுந்துகொண்டிருந்தது.

மேடையில் வாசிப்பவர்களுக்குத் தங்கள் வாசிப்பு காதில் மாட்டிய சின்ன ஒலிபெருக்கியில் கேட்கும். கூட்டத்துக்கு என்ன போகிறது என்பது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால் இருப்பவன் கையில். மூன்றாவது பாட்டில் அவள் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. கண்ணை மூடி, முதல் கம்பியைத் தள்ளினாள். கம்பி அறுந்து கன்னத்தில் சுண்டியது. தலையைத் திருப்பிய வேகத்தில் காதிலிருந்தது கழன்று விழுந்தது.

வெளியே பெரிய ஸ்பீக்கர்களில் அவளுடைய கிட்டார் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது. அறுந்த கம்பியின் சுரத்தை நிதானமாக முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனது.

அவளுடைய வாசிப்புத்தான். முந்தின வருஷம் ஒத்திகையில் பதிவு செய்தது. ஒரு கணம் கேட்டுக்கொண்டு நின்றவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். யாசர் அடிப்பதை நிறுத்தினான். ஆளில்லாத கிட்டார் மட்டும் ஓலமிட்டது. கூட்டத்தில் முதலில் சிரிப்பு, அப்புறம் விசில்.

மேடைக்குப் பின்னால் கௌரிசங்கர் ஓடி வந்தான்.

"எதுக்குச் செல்வி இப்படி அசிங்கப்படுத்துத? மழை நேரம், வயரெல்லாம் நனையுது. லைவ்ல ரிஸ்க் வேண்டாம்னு பதிஞ்சு வச்ச டிராக்கைப் போட்டேன். எவனோ வாசிச்சதையா போட்டேன்? நீ வாசிச்சதுதானே!"

அன்றைக்கு அவளுக்குப் பேச்சு வந்தது.

"உன் பாட்டும் டிராக்லதான் போச்சா?"

அவன் திரும்பி மேடைப் பக்கம் பார்த்தான்.

"உன் மைக்கு மட்டும் நனையாதோ? இதுக்கு முன்னாடி எத்தனை தடவை பண்ணுன?"

"பெரிய மேடையில மட்டும்தான். கூட்டம் உன்னைப் பாக்கத்தான் வருது செல்வி. கேக்கவா வருது?"

பெரிய மேடைகள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன. கண்ணை மூடி வாசித்தவை, உயிரைக் கொடுத்து வாசித்தவை, ஒருவர் காதிலும் விழாதவை. கையிலிருந்த வயரைச் சுருட்டி அவன் முகத்தில் எறிந்துவிட்டு இறங்கினாள். வேனில் பார்வதியம்மாள், "அவனைச் சும்மாவா விட்ட? நான் செருப்பைக் கழத்திட்டேன், இந்தப் பொம்பளையதான் மறிச்சிட்டாளுவ" என்று வழியெல்லாம் பொருமினாள்.

மறுநாள் ஒரு வீடியோ பரவியது. அவள் கையைத் தூக்கி நிற்கிறாள், கிட்டார் தானாக வாசிக்கிறது, அவ்வளவுதான். ஏமாற்றுக்காரி என்று ஊர் பேர் தெரியாதவனெல்லாம் எழுதினான். ஒத்துக்கொண்டிருந்த நிகழ்ச்சிகள் ரத்தாயின. கௌரிசங்கர், 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு வரி போட்டதோடு சரி. அடுத்த மாதமே புதிதாக ஒரு பெண்ணைக் குழுவில் சேர்த்தான்.

யாசர் அவனை விட்டு வந்துவிட்டான். இருவரும் மேலகரத்தில் ஒரு மாடி அறை பிடித்து, கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கத் தொடங்கினார்கள். சினிமாப் பாட்டுத்தான். வீரகேரளம்புதூரில் ஒரு வரவேற்பில், மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் எழுந்து கத்தினான்.

"அக்கா, கையைத் தூக்குங்க! அது தானா வாசிக்கும்!"

மண்டபம் சிரித்தது. அவள் பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

"இங்கன வாலே" என்றாள் மைக்கில்.

அவன் இளித்துக்கொண்டே மேடையேறினான். கிட்டாரிலிருந்து வயரைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள். வெறும் கிட்டாரை ஓங்கி மீட்டினாள். மண்டபத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"இப்பம் சொருகு."

சொருகினான். அவள் கம்பியைத் தள்ளினாள். மண்டபத்து விளக்கு அதிர்ந்தது. அவன் ஓரடி பின்னால் போனான். அதன் பிறகு அவள் வாசித்தது சினிமாப் பாட்டு இல்லை. பொண்ணு வீட்டுக்காரர் கீழேயிருந்து மாற்றச் சொல்லிக் கையை ஆட்டினார். அவள் மாற்றவில்லை. யாசர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் பலமாக அடித்தான். பாதிப் பேர் பந்திக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் தாம்பூலப் பையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள்.

முடித்ததும், கத்தியவன் அவள் பக்கத்தில் வந்தான். "தப்பா நினைக்காதீங்கக்கா. மன்னிச்சிருங்க."

"மன்னிக்க முடியாது" என்றாள் மாரிச்செல்வி. "போய்ச் சாப்பிடு."