வாஞ்சூருக்கு அப்பால் ஐந்து கல்

பேரளத்தில் மாறி ஏறிய ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. என் சைக்கிளுக்குக் கிடைத்துவிட்டது. கார்டு பெட்டியில் இரண்டு வாழைத்தார்களுக்கு நடுவே அது ஜமீன்தார் மாதிரி சாய்ந்துகொண்டு வந்தது. அதற்கு லக்கேஜ் சீட்டு ஆறணா. அன்று சனிக்கிழமை. திருநள்ளாறு வந்ததும் பாதி ரயில் இறங்கிவிட்டது. நான் இறங்காமல் எட்டி எட்டிக் கார்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட ஒருவர், "சனீஸ்வரனைப் பார்க்காம சைக்கிளைப் பார்த்துக்கிட்டு வர்றீங்களே, ரெண்டுல எது உங்களைப் பிடிச்சிருக்கு?" என்றார். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். ஓர் ஊருக்குள் நுழையும்போதே கிண்டல் கிடைத்துவிட்டால் அந்த ஊரில் எனக்கு ஒரு குறையும் வராது.

கும்பகோணத்தில் எனக்கு வெற்றிலைக் கடை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மற்றதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து படித்தது. கடையை மைத்துனனிடம் ஒப்படைத்துவிட்டு வருஷத்துக்கு இரண்டு முறை சைக்கிளில் எங்காவது கிளம்பிவிடுவேன். காரைக்காலுக்கு மட்டும் வந்ததில்லை. எல்லையில் சோதனை, சைக்கிளுக்குச் சீட்டு, மூட்டையை அவிழ், முடிச்சை அவிழ் என்று ஆயிரம் தொல்லை. போன ஐப்பசியில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனார்கள். தை பிறந்ததும் நான் கிளம்பிவிட்டேன்.

ஸ்டேஷனில் ராயப்பன் காத்திருந்தார். காரைக்காலில் ரொட்டிக் கிடங்கில் வேலை (ரொட்டி சுடுகிற இடத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர்), கால்பந்தில் கோல் காப்பவர். முன்பு ஒரு பந்தயத்துக்காகக் கும்பகோணம் வந்தபோது என் கடையில் வெற்றிலை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசியவர். அந்தப் பேச்சில் பிறந்ததுதான் இந்தப் பயணம். காரைக்காலிலிருந்து கடலோரமாகவே நாகப்பட்டினம் வரை சைக்கிளில் போவது. அங்கே ஞாயிறு மாலை நாலரைக்கு அவருக்குப் பந்தயம்.

"அண்ணே, ஒரே ஒரு விஷயம்" என்றார், என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே. "நாளைக்கு நான் நேரத்துக்குப் போயாவணும். ரெண்டு தடவை லேட்டாயிட்டேன். அடுப்பு நம்ம சொன்னதையா கேக்குது? மூணாந்தடவை லேட்டானா சட்டையை அவரு மச்சானுக்குக் கொடுத்துடுவேன்னு கேப்டன் சொல்லிட்டாரு. அப்புறம் இந்த சென்மத்துல நான் கம்பத்துக்கு நடுவுல நிக்க முடியாது."

கேப்டன் பெயர் செல்வராசு. "மேரியில வேலை பாக்குறாரு" என்றார். யாரோ ஒரு சீமாட்டி வீட்டில் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள்தான் தெரிந்தது, நகராட்சி ஆபீசுக்கு அங்கே பெயரே மேரி.

ஞாயிறு விடியற்காலை. ராயப்பன் அடுப்படிக்குப் போய்விட்டார். நான் அரசலாற்றங்கரையோடு கடற்கரைக்கு மிதித்தேன். ஆறு கடலில் விழுகிற இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாக நிற்கிறது: இந்தப் பக்கம் நம்ம ஊர்க் காவிரியின் மண் நிறம், அந்தப் பக்கம் பச்சை. கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் "மீன் எப்படி?" என்று கேட்டேன். "கடலு இன்னிக்கு வாயைத் தொறக்கலைங்க" என்றார். கஞ்சக் கடன்காரனைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு சலிப்பாகச் சொன்னார்! அந்த வார்த்தைக்காகவே ஒரு கவுளி வெற்றிலையை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பகல் ஒன்றரை மணிக்குப் புறப்பட்டோம். மற்றப் பத்துப் பேரும் கொடி கட்டிய சைக்கிள்களில் ஊர்வலமாகப் பின்னால் வருவதாக ஏற்பாடு. பேருந்தில் போகலாமே என்று கேட்டதற்கு, "சோதனை இல்லாம சைக்கிள்ல போற மொத தடவைண்ணே, பஸ்ஸுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா போறது?" என்றார் ராயப்பன். தாமதமாகும் பழி வேண்டாம் என்று அவர் மட்டும் என்னோடு முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

அரசலாற்றுப் பாலம் தாண்டியதும் வாடைக்காற்று முதுகில் கை வைத்தது. அதற்குப் பிறகு நான் மிதித்தேனா, காற்று மிதித்ததா, சொல்லத் தெரியவில்லை. சாலை பலகை போல மட்டம். வலப்பக்கம் அறுப்புக்கு நிற்கிற சம்பா. இடப்பக்கம் பனை வரிசை, தாழம்புதர், நடுவே ஓடை, அதற்கப்பால் கண் சிமிட்டுவது போல ஒரு துண்டுக் கடல். மறைகிறது, மறுபடி வருகிறது. சாலையோரம் வெள்ளையடித்த கற்கள். ஒரு கல் வந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த கல்! கும்பகோணத்துக்கும் சுவாமிமலைக்கும் நடுவே ஒரு கல் தாண்டுவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். இங்கே திருமலைராயன்பட்டினம் ஆறு கல். இருபது நிமிஷத்தில் வந்து நிற்கிறோம்.

"ராயப்பன், மணிக்குப் பதினெட்டுக் கல்! என் வயசுக்கு இது எப்படி?"

"உங்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பிடலாம்ண்ணே. தொப்பைக்குத் தனியா ஒரு சீட்டு வாங்கணும்."

பட்டினத்தில் ராயப்பனின் சிநேகிதர் ஜமால் வீடு. துணி வியாபாரம்; அண்ணன் சைகோனில் கடை வைத்திருக்கிறார். வாசலில் சைக்கிள் மணி கேட்டதுமே ஜமாலின் உம்மாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "பசியாறாம ஒரு அடி எடுத்து வைக்கப்படாது. பந்து பிடிக்கிற கைக்குத் தெம்பு வேணாமா? போன தடவை ரெண்டு பந்தை விட்டியாமே, வெறும் வயித்தோட போனியா?"

"உம்மா, அது காத்து அடிச்சு உள்ள போயிடுச்சு."

"காத்து அடிச்சா பந்து போவும். நீ எங்கே போனே?"

ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டு இடியாப்பத்தைப் பிய்த்தார். பிறகு வட்டலப்பம் வந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்து என்ன பேசிக்கொண்டனவோ, நாக்கில் வைத்ததும் எல்லாம் சமாதானமாகிவிட்டது. நேரம் போவதைச் சொல்லி எழுந்தோம். ஜமால் கையமர்த்தினார். "நாகப்பட்டினம் ஆளு நேத்திக்கு வந்திருந்தாரு, கேட்டேன். வாஞ்சூர் தாண்டினா அஞ்சு கல்லுதானாம்."

அஞ்சு கல்! எங்கள் வேகத்துக்குக் கால் மணியும் சொச்சமும். இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன். அது போதாதென்று பட்டினச்சேரிக் கடற்கரைக்கும் ஒரு சுற்றுப் போய், மணலில் சைக்கிளைப் படுக்க வைத்து, அலையில் கால் நனைத்தோம். அவ்வளவு தாராளமாக நேரம் கையில் இருப்பதாக நினைப்பு. அந்த நேரத்தில்தான் கேப்டனின் கொடி ஊர்வலம் மேலச் சாலையில் எங்களைத் தாண்டிப் போயிருக்கிறது.

நாலு மணிக்கு வாஞ்சூர் எல்லை. போன வருஷம் வரை மனிதரின் மடியை அவிழ்த்துப் பார்த்த சுங்கச் சாவடியில் இப்போது ஒரு ஆடு கட்டியிருந்தது. அதுவும் எங்களை எதுவும் கேட்கவில்லை. ராயப்பன் வேண்டுமென்றே எல்லையைத் தாண்டி, திரும்பி வந்து, மறுபடி தாண்டினார். "யாருக்கும் சலாம் போடலைண்ணே!" என்று சத்தம் போட்டார். நானும் சைக்கிளைத் திருப்பி ஒரு முறை தாண்டினேன்.

அப்பால் முதல் கல்: நாகப்பட்டினம் 5.

மிதித்தோம். காற்று அதே காற்று, சாலை அதே மட்டம். அடுத்த கல்லைக் காணோம். ஒரு சவுக்குத் தோப்பு போயிற்று, ஒரு குளம் போயிற்று. கல் இல்லை.

"கல்லைப் பிடுங்கிட்டாங்களாண்ணே?" என்றார் ராயப்பன்.

"நமக்குத்தான் மூச்சுப் போயிடுச்சு. வட்டலப்பம் உள்ளே உட்கார்ந்திருக்கு."

நாகூர் எல்லையில் ஒருவழியாக '4' என்று போட்ட கல் தென்பட்டது. அதன் பக்கத்தில் குதிரைக்குப் புல் காட்டிக்கொண்டிருந்த ஜட்கா வண்டிக்காரரிடம், இந்தக் கற்களுக்கு நடுவே ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"காரைக்காலேர்ந்து வர்றீங்களா? அது பிரெஞ்சுக்காரன் சின்னக் கல்லுங்க, கிலோமேத்ரு. இது நம்ம மைல் கல்லு. அங்க மூணு கல்லு போனா இங்க ரெண்டு கல்லுகூட ஆவாது. என் குதிரைக்கே தெரியும், எல்லை தாண்டினா அதுவே மூஞ்சியைத் தூக்கிக்கும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மணிக்குப் பதினெட்டுக் கல் என்ற என் பெருமை அங்கேயே மண்ணில் விழுந்தது. அது போகட்டும். ராயப்பனின் முகம் வெளுத்துவிட்டது. மணி நாலு பத்து. இன்னும் நாலு கல் என்றால் முழுசாக நாலு மைல்.

நாகூர்க் கடைத்தெருவுக்குள் நுழைந்தோமா, அல்வாக் கடைச் சுவரில் பத்துச் சைக்கிள்கள், பத்துக் கொடிகள்! உள்ளே மொத்த அணியும் வாழையிலையில் அல்வாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுவே மீசையில் நெய் மின்ன, கேப்டன் செல்வராசு.

அந்த நொடியில் ராயப்பன் நேரே போயிருக்கலாம். வேறு ஆளாக இருந்தால் போயிருப்பான். அவர் சைக்கிளை நிறுத்திக் கத்தினார்: "கேப்டன்! கெளம்புங்க! இங்க கல்லு வேற, மைலு! நாலு மைலு இருக்கு!"

கேப்டன் நிதானமாக விரலை நக்கினார். "வந்தியா? நாலு கல்லு, பன்னண்டு நிமிஷம். மேரியில தூரக் கணக்கு எழுதுறவன் நானா, நீயா?"

"சத்தியமா கேப்டன், ஜட்காக்காரரு சொன்னாரு..."

"லேட்டா வர்ற ஒவ்வொரு தடவையும் உன் கையில ஒரு கதை இருக்கும்டா. போன தடவை அடுப்பு, இந்தத் தடவை கல்லு. போ, போயி நில்லு. நாங்க வர்றோம்." கடைக்காரரைப் பார்த்து, "இன்னொரு கால் சேர்" என்றார்.

போனோம். அந்த நாலு மைலை நான் எழுதப் போவதில்லை. என் தொடைகள் எழுதி வைத்திருக்கின்றன. இரண்டாவது மைலில் நான் பின்தங்கினேன். "நீங்க போங்க!" என்று கையசைத்தேன். ராயப்பன் கைப்பிடியின் மேல் படுத்துக்கொண்டார். காற்று அவர் சட்டையைப் பாய்மரமாக ஊதியது. வளைவில் மறைந்துவிட்டார்.

நான் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலரையைத் தாண்டியிருந்தது. கடற்கரைப் பக்கத்து மைதானம். சுற்றிலும் கூட்டம், ஒரே சிரிப்பு. ஒரு பக்கம் நாகப்பட்டினத்துப் பதினொரு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் வெறும் புல்தரை. கடைசியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒற்றை ஆளாக ராயப்பன், கையை விரித்து, முழங்காலை மடக்கி, யாருமே அடிக்காத பந்துக்காகத் தயாராக நிற்கிறார்!

நடுவர் ஒரு ரயில்வே கார்டு. நேரத்துக்கு வராத அணி தோற்றதாக எழுதிவிட்டுப் போக அவருக்கு உரிமை உண்டு. கடிகாரத்தைப் பார்த்தார், ராயப்பனைப் பார்த்தார்.

"தம்பி, மத்தவங்க எங்கே?"

"வந்துகிட்டிருக்காங்க சார்."

"நீ வந்துட்டே. எஞ்சின் வந்து நின்னுடுச்சு, பெட்டிதான் வரலை. எஞ்சின் நிக்கிற வரைக்கும் ரயிலு வரலைன்னு நான் எழுத முடியாது. கால் மணி பொறுக்கிறேன்."

கால் மணி முடியும் தறுவாயில் கொடிகள் தெரிந்தன. ஒருவருக்கும் பேச மூச்சில்லை. கேப்டன் கடைசியாக வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. அல்வா அவரை உள்ளேயிருந்து பிடித்து இழுத்திருக்க வேண்டும். கூட்டத்தில் யாரோ அவர் மீசை நெய்யைப் பார்த்துவிட்டு, "அந்தக் கம்பத்துல நிக்கிற ஆளு இல்லேன்னா இவங்க வந்ததுக்கு அல்வாவோட திரும்ப வேண்டியதுதான்" என்று சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

கேப்டன் நேரே கோல் கம்பத்துக்கு நடந்து போனார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நானும் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

ராயப்பன் முந்திக்கொண்டார். "கேப்டன், எத்தனை கல்லு வந்துச்சு?"

செல்வராசு தோளில் கிடந்த துண்டை எடுத்து ராயப்பனின் முகத்தைத் துடைத்துவிட்டார். "நில்லுடா, இங்கேயே நில்லு" என்றார். "என் மச்சான் வேணும்னா கல்லை எண்ணட்டும்."

பந்தயம் ஒன்றுக்கு ஒன்று. உள்ளே போன அந்த ஒன்று, காற்று அடித்துப் போனதில்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அதைத் திரும்பும் வழியில் ஜமாலின் உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் ராயப்பனுக்கு மிஞ்சிய கவலை.

திங்கள் காலை நாகப்பட்டினத்தில் என்னை ரயிலேற்றினார்கள். கார்டு பெட்டியில் சைக்கிள், என் மடியில் அல்வாப் பொட்டலம், கேப்டன் உபயம். ஒரே மாதிரி நெல், ஒரே மாதிரி பேச்சு, ஒரே கடல். நடுவே ஒரு கோடு கிழித்து, அந்தப் பக்கம் ஒரு கல், இந்தப் பக்கம் ஒரு கல் என்று நட்டு வைத்திருந்தார்கள். கோடு அழிந்துவிட்டது. கற்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

இப்போது என் கடையில் யாராவது வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பக்கந்தாங்க, ரெண்டு கல்லு" என்று ஏதாவது ஊருக்கு வழி சொன்னால், நான் சுண்ணாம்பை நீட்டிவிட்டு நிறுத்திக் கேட்கிறேன்: "எந்தக் கல்லு?"