வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என் கொடி

“சேத்துக்குள்ள நிக்கிறதுக்கும் ஒரு சோதினையோ, பிள்ளை?”

செல்வம் மாமா இப்படிக் கேட்டது ஒரு பிறந்தநாள் விழாவில். சுவிஸில், பெர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் ஒரு மண்டபம், கையில் பேப்பர் தட்டு, தட்டில் ரோல்ஸ். அவர் என் சொந்த மாமா இல்லை. அப்பாவோடு ஒரே ரெஸ்டோரண்ட் கிச்சனில் வேலை செய்தவர். மகள் வங்கியில் பயிற்சி எடுக்கிறாள். அதனால் இப்படியெல்லாம் கேட்கத் தனக்கு உரிமை உண்டு என்பது அவர் எண்ணம்.

“ஓம் மாமா, இருக்கு” என்றேன்.

“பெயிலானா?”

“திரும்பவும் சேத்துக்குள்ள நிக்க வேண்டியதுதான்.”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பும் ட்ராமில்தான் சிரிப்பு வரவில்லை...

இந்தப் பத்திரிகைப் பத்தியில் என் பூட்ஸைப் பற்றி நான் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு புல்வெளியில் ஈரநிலம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்து, வரைபடத்தில் கோடு போடுவது என் வேலை. கோட்டுக்குள்ளே உரம் போடக் கூடாது, வடிகால் வெட்டக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது. ஒருவருடைய நிலத்தில் போடுகிற கோடு அல்லவா? அதனால் மாநில அரசின் சான்று பெற்றவர் கையெழுத்து வைத்தால்தான் அது செல்லும்.

அப்போது என்னிடம் அந்தச் சான்று இல்லை. பூட்ஸ் என்னுடையது, கோடு என்னுடையது, கையெழுத்து மட்டும் என் மேலாளருடையது. தங்கமான மனுஷி. ஆனாலும்...

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். மன்னாரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மா வகுப்பறையையே கண்டதில்லை. என் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில், நான் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் தன் பெயரை எழுதுவார். மெதுவாக, எழுத்து எழுத்தாக. ஆசிரியை காத்திருப்பார். ஒரு கையெழுத்தின் எடை எவ்வளவு என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

அந்தச் சான்றுக்கான சோதனைக்கு வருகிறேன்.

மலையடிவாரத்தில் ஒரு புல்வெளி. மழையைக் கண்டு பல நாள் ஆன கோடை. ஆளுக்கொரு நிறத்தில் கொடிகள் தந்தார்கள். எனக்கு ஆரஞ்சு. ஈரநிலத்தின் எல்லையில் கொடி குத்த வேண்டும். பிறகு அந்த நிலத்துக்காரர் நேரில் வருவார். அவருக்கு, அவர் பேசும் மொழியில், எல்லை ஏன் இங்கே என்று விளங்கப்படுத்த வேண்டும். அதற்கும் புள்ளி உண்டு. அதுவும் பெரிய புள்ளி!

புல்வெளியின் நடுவே ஒரு வாய்க்கால். இந்தப் பக்கம் சொதசொதப்பு. அந்தப் பக்கம் காய்ந்த தரை, மாட்டுத் தீவனத்துக்கு விதைத்த பசுமையான குளோவர் செடி. எல்லாரும் வாய்க்கால் கரையோடு கொடியை நட்டுக்கொண்டே போனார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அந்தப் பக்கம் குளோவருக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் வேறு பச்சையாக நின்றது. தாண்டிப் போய்ப் பிடுங்கி, தண்டை விரலுக்கிடையில் உருட்டினேன். உருளவில்லை. மூன்று விளிம்பு — கோரை!

காய்ந்த நிலத்தில் கோரைக்கு என்ன வேலை?

மண் எடுக்கும் இரும்புக் குழாயைச் செருகினேன். மேலே பொடி மண். இன்னும் கீழே சாம்பல் நிறம், அதில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள். தண்ணீர் ஏறி இறங்கும் மண்ணில் மட்டும் வருகிற புள்ளிகள். என் கொடிகளைப் பிடுங்கி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நட்டேன்.

கூடச் சோதனைக்கு வந்த ரேட்டோ அருகில் வந்து, மெல்லிய குரலில் சொன்னான்: “நீ மட்டும்தான் அங்கால நிக்கிறாய்.”

திரும்பிப் பார்த்தேன். எல்லா நிறமும் சொதசொதப்புக் கரையில். ஆரஞ்சு மட்டும் தனியாக. இப்போது பிடுங்கினால் யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை விட்டால் இன்னும் எத்தனை காலம் என் கோட்டுக்கு இன்னொருவர் கையெழுத்து?

பிடுங்கவில்லை.

நிலத்துக்காரர் ஊர்ஸ் வந்தார். என் கொடிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ எங்கயிருந்து வாறாய்?”

“பூம்ப்ளிஸ்.”

“இல்லை, அதுக்கு முதல்?”

“அதுக்கு முதலும் பூம்ப்ளிஸ்தான்.”

புள்ளி போடக் கூட வந்திருந்த சோதனையாளர் இருமினார். ஊர்ஸுக்குக் கோபம். “இது எங்கட அப்பா காலத்திலயே காய்ஞ்ச நிலம். இதில என்ன ஈரத்தைக் கண்டாய்?”

எனக்குத் தெரிந்த நல்ல டொச், அதுதான் ஜெர்மன், சொற்களெல்லாம் அந்த நேரம் எங்கோ போய்விட்டன. பாடப் புத்தகம் போலப் பேசவும் மனமில்லை. குழாயிலிருந்த மண்ணை அப்படியே எடுத்து அவர் கையில் வைத்தேன். “நசுக்கிப் பாருங்கோ” என்றேன், தெருவில் கதைக்கிற அதே சுவிஸ் டொச்சில்.

நசுக்கினார். விரலில் துரு நிறம் ஒட்டியது.

“அப்பா இதுக்குக் கீழ குழாய் தாட்டவர்” என்றார் கடைசியில். “தண்ணி வடியட்டும் எண்டு.”

“குழாய் பழுதாப் போச்சுதெண்டா?”

“தண்ணி திரும்பி வரும்...” பிறகு என்னை முறைத்தார். “நீ சொல்லுறது பிழையில்லை. ஆனா எனக்குப் பிடிக்கேல்லை.”

“எனக்கு விளங்குது” என்றேன். உண்மையாகவே விளங்கியது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் அவருடைய மாட்டுத் தீவனம் இருக்கிறது. புல் வெட்டலாம், உரம் போட முடியாது, அரசு ஈடு தரும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

போன வாரம் சான்று வந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்தார்.

“இனி நீதான் கையெழுத்து வைப்பியோ?”

“ஓம் அம்மா. நான் மட்டும்.”

உடனே போனை எடுத்தார். ஸ்பீக்கரில்தான்.

“செல்வம் அண்ணை, சேத்துக்க நிண்ட பிள்ளைக்கு அரசாங்கம் பேப்பர் குடுத்திருக்கு!”

மறுமுனையில் மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, “அப்ப சம்பளம் கூடுமோ?”

நம்மவர்கள் ஒன்றை மதிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

ஒரு விஷயம். இந்தச் சான்று பெர்ன் மாநிலம் முழுவதற்கும் செல்லும். மாநிலத்தின் வடக்கே ஜூரா மலைப் பக்கத்திலும் நல்ல ஈரநிலங்கள் இருக்கின்றன. அங்கே ஊர்ஸ்மார் எல்லாரும் பிரெஞ்சில்தான் கோபப்படுவார்கள்.

செல்வம் மாமாவிடம் சொல்லிவிடுங்கள் — செவ்வாய்க்கிழமை முதல் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சேற்றுக்கு அங்கே என்ன சொல் என்றுதான் முதலில் கேட்டேன்.