நர்சம்மாவிடம் ஒப்புக்கொண்டது

அமலோற்பவம் நர்சம்மா போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனார். காலைத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்து, பால் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். வயது எழுபத்தொன்று. பக்கத்து வீட்டுப் பெண் எனக்குப் போன் செய்தபோது மில்லில் லாரிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. "நர்சம்மா போயிட்டாங்கண்ணே" என்றாள். "சரிம்மா" என்று வைத்துவிட்டேன். இன்னும் நாற்பது மூட்டை பாக்கி இருந்தது. ஏற்றி முடித்து, தார்ப்பாய் கட்டியதைச் சரிபார்த்து, லாரியை அனுப்பிவிட்டுத்தான் போனேன். இதை மறைத்துப் பயனில்லை. டிரைவர் நம் ஊர்க்காரர்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதிக் கொடுங்கள் மாமா என்று அவர் மகள் ஜெசிந்தா கேட்டாள். அவர் அருமை பெருமைகளைப் பங்குத்தந்தை எழுதுவார். முப்பத்திரண்டு வருடம் அரசாங்க நர்சாகச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு சைக்கிளில் போனதை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இன்னாசிமுத்து. கீழத்தெருவில் பிறந்தவன். அப்பா பண்ணையில் கூலி. நான் மில்லில் மூட்டை தூக்கி, பிறகு களத்துமேட்டில் நெல் தரகு பார்த்து, ஒரு பழைய மில்லைக் குத்தகைக்கு எடுத்து, கடைசியில் சொந்தமாகப் புழுங்கல் அரிசி மில் வைத்தவன். எனக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். நர்சம்மா ஒரு தடவை அதைக் கேட்டுவிட்டு, "உன்னைய உங்கம்மா வயித்துலேருந்து தூக்கி வெளிய எடுத்ததே நான் பயிற்சிக்கு வந்த வருஷந்தான். எங்க பெரிய நர்சுக்கு நான்தான் லாந்தர் பிடிச்சேன்" என்றார்.

மில் ஆபீசுக்கு இரண்டு பத்திரிகை வரும். வியாபாரிகள் வந்தால் உட்கார்ந்து புரட்டட்டும் என்று போட்டது. நான் விலை நிலவரம் தவிர எதையும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறு வாரம் நர்சம்மா ஒன்பது மணிக்கு வந்தார். "ரெண்டு பேப்பர் வாங்குற. ஒண்ணையாவது பிரிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு பதின்மூன்று வருடம், ஞாயிறு தவிர, அந்த நேரத்துக்கு அந்த நாற்காலி அவருடையது. பைக்குள் அன்றைய திருப்பலி வாசகம் இருக்கும். முதலில் அதை ஒரு தரம் முணுமுணுப்பாகப் படிப்பார். அடுத்து, கண்ணாடியைக் கழற்றாமலே, பத்திரிகை.

அவர் படிக்கிற பக்கங்கள் வேறு யாரும் படிக்காதவை. டெண்டர் அறிவிப்பு, கோர்ட்டு அறிவிப்பு, பிறகு 'காணவில்லை' விளம்பரம். காணாமல் போனவரின் பெயர், வயது, கடைசியாகப் போட்டிருந்த சட்டை நிறம் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்து ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். மறுநாள் காலையில் அவர்களுக்காகச் செபம்.

"முகம் தெரியாதவங்களுக்கு எப்படிக்கா செபம் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"பேரு போட்டிருக்கான், ஊரு போட்டிருக்கான், ஊதாச் சட்டைன்னு வேற போட்டிருக்கான். ஆண்டவருக்கு இதுக்கு மேல என்னப்பா அடையாளம் வேணும்?"

செய்தித்தாள் படிக்காமல் செபம் செய்வது, நோயாளியைப் பார்க்காமல் ஊசி போடுவது மாதிரி என்பது அவர் கணக்கு.

ஞாயிறு திருப்பலியில் மன்றாட்டு வாசிக்கும் முறை அவருக்கு வந்தால் என்ன நடக்கும் என்று நம் பங்கு மக்களுக்குத் தெரியும். மற்றவர்கள் அச்சடித்த புத்தகத்திலிருந்து, நாட்டுத் தலைவர்கள், நோயாளிகள், நல்ல மழை என்று நான்கைந்து வேண்டுதல்கள் வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நாம் எல்லோரும் 'கேட்டருளும்' என்போம். நர்சம்மா சொந்தமாக எழுதிக்கொண்டு வருவார். மதகுப் பலகை உடைந்தது, தெருவிளக்கு, சாயங்காலம் ஐந்தரை பஸ் நிற்காமல் போவது எல்லாம் அதில் வரும். ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். எந்தக் காரியமானாலும் முதலில் சம்பந்தப்பட்ட ஆபீசில் மனு கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த மனுவுக்கு ரசீது இல்லாமல் அதை ஆண்டவரிடம் கொண்டுபோக மாட்டார். பஸ் விஷயமாகச் செபிக்கச் சொல்லி வந்த தாய்மார்களை அப்படியே திருப்பிக் கூட்டிக்கொண்டு டெப்போவுக்குப் போனார்.

முந்தைய பங்குத்தந்தை வேடிக்கையாகக் கேட்டார்: "என்ன நர்சம்மா, ஆண்டவரும் ரசீது கேக்குறாரா?"

"கேக்க வேண்டிய எடத்துல கேக்காம நேரா அவர்கிட்ட வந்து நின்னா, நம்மளச் சோம்பேறின்னு நெனைப்பாரு சாமி."

இதையெல்லாம் நானும் கூட உட்கார்ந்து சிரித்தவன்தான். என் காரியம் வரும்வரை.

போன ஆகஸ்ட்டில் சுதந்திர தினக் கிராம சபை. வழக்கம் என்னவென்றால், நோட்டு சுற்றி வரும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், டீ வரும். நர்சம்மா மட்டும் தீர்மானம் முழுவதையும் படித்துக் காட்டச் சொல்வார். படிக்காமல் கையெழுத்துப் போடுவது பொய்ச்சாட்சி, ஆண்டவர் கட்டளைக்கு விரோதம் என்பார்.

"நர்சம்மா, டீ ஆறுது" என்றார் ஊராட்சித் தலைவர்.

"ஆறட்டும் தலைவரே. ஒம்பதாவது தீர்மானம் என்ன, படிங்க."

ஒன்பதாவது தீர்மானம் என்னுடையது. நெல் ஊறவைக்கும் தொட்டிகள் இன்னும் நான்கு கட்ட ஊராட்சிக்கு ஆட்சேபம் இல்லை என்பது. அதற்குள் ஒரு வரி, 'மில்லின் கழிவுநீர் முறைப்படி சுத்தம் செய்யப்பட்டு வருகிறது'. நானே எழுதிக் கொடுத்த வரி. நர்சம்மா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாசி, இது உண்மையா?"

நூறு பேர் இருந்தார்கள். மில்லுக்குப் பின்னால் ஒரு குழாய் இருப்பதும், நெல் ஊறிய ஊறல் தண்ணீர் அதன் வழியாக நேரே வாய்க்காலில் விழுவதும், வாய்க்கால் அடுத்து கீழத்தெருவுக்குத்தான் போகிறது என்பதும் அதில் பாதிப் பேருக்குத் தெரியும். வாரம் மூன்று பிள்ளைகளாவது காலில் சிரங்கோடு நர்சம்மா வீட்டு வாசலில் நின்றார்கள். மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைப்பதில்லை.

"உண்மைதான்க்கா" என்றேன்.

அவர் நோட்டில் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். தீர்மானம் நிறைவேறியது. டீ குடித்தோம்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வழக்கம்போல வந்து பத்திரிகை படித்தார். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் என் மேல் மனு கொடுத்துவிட்டு, நகலையும் ரசீதையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "ஒனக்குத் தெரியாமச் செஞ்சேன்னு இருக்கக் கூடாது" என்றார். ஆய்வுக்கு ஆள் வந்தது. வருகிற தேதி எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதை விட்டுவிடுகிறேன். முதல் நாளே ஊறல் போடுவதை நிறுத்தி, போர்வெல் தண்ணீரைக் குழாயில் விட்டேன். வந்தவர் கண்ட தண்ணீர் சுத்தம். எழுதிக்கொண்டு போனார். அவர் மேல் பிழையில்லை, செய்தது நான்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் முறை. நான் நான்காவது வரிசையில் மனைவி பிள்ளைகளோடு இருந்தேன். பேர் சொல்லவில்லை. "எங்கள் வாய்க்காலில் ஊறல் தண்ணீரை விடுகிறவருக்கு நல்ல மனம் தர வேண்டுமென்று, அதைத் தெரிந்தும் டீ குடித்துவிட்டு வந்த எங்களை மன்னிக்க வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்" என்றார். கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்த்துக்கொண்டே எல்லோரும் 'கேட்டருளும்' என்றார்கள். பழக்கம் விடவில்லை. என் வாயும் அவர்களோடு சேர்ந்து சொல்லிவிட்டது. என் மனைவி வீட்டுக்கு வந்ததும், "நீங்க சொன்னதுதான் எல்லாருக்கும் மேல சத்தமாக் கேட்டுச்சு" என்றாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் வந்தபோது மானேஜர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "அனுப்பிடவா மொதலாளி?" என்றார். "பேப்பர் படிக்க வந்தவங்கள என்னன்னு சொல்லி அனுப்புவ?" என்றேன். அதுமுதல் ஆறு மாதம் ஒரே அறையில் இருந்தோம். நான் பேசவில்லை. அவர் எப்போதும்போலக் காணாமல் போனவர்களை வாய்விட்டுப் படித்தார். நான் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் ஊறல் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது.

தவக்காலம் தொடங்கின வாரம் நான்தான் வாயைத் திறந்தேன்.

"காலையில எனக்காகச் செபம் பண்றீங்களா, இல்ல எனக்கு எதிராவா?"

பத்திரிகையை மடக்கினார். "ரெண்டும் ஒரே செபந்தான். நீ எந்தப் பக்கம் நிக்கிறங்கிறதுதான் விஷயம்."

"நாளைக்கே குழாய மூடுன்னா எப்படிக்கா? சுத்தம் பண்ற தொட்டி கட்டணும். எடம் வேணும். ரெண்டு வருஷம் ஆகும்."

"மாடி வீடு எத்தன மாசத்துல கட்டின?"

"அது வேறக்கா."

"எத்தன மாசம்?"

"ஏழு."

"தொட்டிக்கு மாடிப்படி வேணுமா? பூச்சு வேலை வேணுமா? இதுக்கு நாலு போதும்."

நெல் வியாபாரத்தில் என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை. அரை மணி நேரம் பேசினோம். நான் அறுவடை, பாய்லர், ஆள் பற்றாக்குறை என்று சொன்னேன். அவர் கீழத்தெருப் பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார், வயதோடு. கடைசியில் பேச்சு முடிந்தது. "எழுதிக்குவமாக்கா?" என்றேன்.

"எழுதினதைத்தான் கிராம சபையில பாத்தமே. வாயால சொல்லு, போதும்."

சொன்னேன். தொட்டிக்குக் குழி வெட்டவும் ஆரம்பித்தோம். இருபது நாளில் அவர் இல்லை.

அடக்கத்தன்று குழி மண் ஈரமாக இருந்தது. எல்லோரையும் போல ஒரு பிடி போட்டேன். நெல் ஈரம் பார்க்கிற பழக்கத்தில் விரலால் நசுக்கிப் பார்த்தது நினைவிருக்கிறது. யாரோ தோளைத் தட்டினார்கள். எதற்கென்று அப்போது பிடிபடவில்லை. இன்றைய தேதி வரை எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஏலத்துக்குப் போகிறேன். ஒன்பது மணிக்கு மானேஜர் என் முகத்தைப் பார்க்கிறார், நான் செல்போனைப் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள் என் மச்சான் வந்தான். மில்லில் அவனும் ஒரு பங்கு. "மாமா, அந்தத் தொட்டி வேலைய நிறுத்திடலாமா? கேக்கத்தான் இனிமே ஆள் இல்லையே" என்றான். அவன் கெட்டவன் இல்லை. கணக்குப் பார்க்கிறவன், என்னைப் போல. நான் நிறுத்து என்றும் சொல்லவில்லை, நடத்து என்றும் சொல்லவில்லை. கொத்தனார் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். குழி அப்படியே கிடக்கிறது. இது கோடை. வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் இல்லை. இப்போது அதில் நிற்பது முழுக்க என் மில் தண்ணீர்தான்.

அன்று நாங்கள் ஒப்புக்கொண்ட பேச்சு தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் போய்விட்டார். மற்றவன் ஏற்கெனவே நூறு பேர் முன்னால் ஒரு பொய் சொன்னவன். அவனிடம் மட்டும் அந்தப் பேச்சு இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேறொருவன் இப்படி இருந்தால் நான் அவனுக்கு ஒரு மூட்டை நெல்கூடக் கடன் தர மாட்டேன். அதனால்தான் ஜெசிந்தா கேட்டபோது எழுதுகிறேன் என்றேன். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் கொத்தனாரை வரச்சொல்லிவிட்டேன். மச்சானிடமும் சொல்லிவிட்டேன். அவன் முகம் சரியில்லை. இருக்கட்டும்.

அவருடைய படமோ செபமாலையோ நான் கேட்டு வாங்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த அரை மணி நேரத்தில் முடிந்த பேச்சு. அதை உங்கள் எல்லோர் கையிலும் ஒரு பிரதியாகக் கொடுத்துவிடுகிறேன்.

ஒப்புக்கொண்டது இது: இந்த வருடம் மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேருமுன் சுத்திகரிப்புத் தொட்டி முடிய வேண்டும், குழாயைக் கான்கிரீட் போட்டு அடைக்க வேண்டும். சுத்தம் செய்த தண்ணீர் முதல் இரண்டு வருடம் என் தென்னந்தோப்புக்கு மட்டுமே பாயும், வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் வராது. கீழத்தெருவிலிருந்து யார் வந்தாலும், எந்த நாளானாலும், முன்கூட்டிச் சொல்லாமல், மில்லுக்குப் பின்பக்கம் போய்ப் பார்க்கலாம். தொட்டி முடியாமல் தண்ணீர் வந்துவிட்டால், முடியும் வரை ஊறல் போடுவது நிறுத்தம்.