பதினொரு நிமிடமும் இரண்டு வெள்ளைச் சாக்கெட்டும்

என் மதினிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கி வைத்திருந்தவன் நான்.

எனக்குத் தொழில் போட்டோ ஸ்டுடியோ. ராயப்பன்பட்டியில் ஞானஸ்நானம், அனுமந்தன்பட்டியில் காதுகுத்து என்று எடுத்த வீடியோக்கள் சேர்ந்துகொண்டே போய் வைக்க இடமில்லாமல் ஆனபோது, வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டி கட்டினேன். ஏதோ ஓர் ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர், அதற்குள் நான்கு ஹார்டு டிஸ்க், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மென்பொருள். நான்கு டிஸ்க்கும் சேர்ந்து ஒரே கிடங்காக நிற்கும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் தாங்கிக்கொள்ளும். இரண்டு ஒரே நேரத்தில் போனால்தான் கிடங்கு திறக்காது. அப்படியெல்லாம் நடக்காது என்று டீக்கடை வரைக்கும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

மதினியிடமும் பீற்றினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். கேமராவைக் கண்டால் பந்தலுக்குள் போய் மறைந்துகொள்வார். தம்பி போட்டோகிராபராக இருந்தும் அவர் பேசி நடமாடும் வீடியோ ஒன்றே ஒன்றுதான் உண்டு. பதினொரு நிமிடம். மதினி தன் போனில் எடுத்தது. போனில் இடம் நிறைந்துவிட்டது என்று அவர் சொன்னபோது, நான் அதைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, போனில் இருந்ததையெல்லாம் அழித்துக் கொடுத்தேன். "இனி இது எங்கயும் போகாது மதினி" என்று சொன்னதும் நான்தான். அவர் வீடியோவைப் போடச் சொல்லவும் இல்லை, பார்க்கவும் இல்லை. "இருக்குல்ல, அது போதும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருட ஆயுத பூஜைக்குக் கேமரா, லைட், டிரைபாட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பெட்டி மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதையும் பிரித்தேன். நான்கு டிஸ்க்கையும் கழற்றித் தூசி தட்டி, ஒவ்வொன்றுக்கும் பன்னீரில் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி மாட்டினேன். மறுநாள் காலை கிடங்கு திறக்கவில்லை. மென்பொருள் காட்டும் பட்டியலில் இரண்டு டிஸ்க்தான் இருந்தது. மற்ற இரண்டும் காணோம்.

டிஸ்க்கில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. பன்னீர் அதன் வழியாக உள்ளே போய்விட்டது என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தேன். பலனில்லை. போடியில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருக்கும் நண்பர், "பச்சைக் காயையே மொறுமொறுன்னு எடுத்துத் தருது, இந்த ஈரம் எம்மாத்திரம்?" என்றார். எனக்கும் அது பெரிய அறிவாகப் பட்டது. ஒரு தட்டில் துணி விரித்து, இரண்டு டிஸ்க்கையும் ஏலக்காய்க்கு நடுவில் படுக்க வைத்து உலர்த்தி எடுத்து வந்தேன். இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. கடைசியில் பெட்டியோடு தேனிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் திரையைப் பார்த்தார், டிஸ்க்கை முகர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டும் செத்துவிட்டன, புதிதாக இரண்டு போட்டு எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து கட்டுங்கள் என்றார்.

திங்கட்கிழமை அழிப்பது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். விசேஷ வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அவரவர் பிரதி ஏற்கெனவே போயிருந்தது. மதினிக்குத்தான் எதுவும் இல்லை. அவரிடம் சொல்லாமல் அழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, தலையைக் குனிந்துகொண்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். அழுவார், அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மதினி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீசியன். குமுளி ஆட்கள் வந்தால் மலையாளத்தில் பேசிக்கொண்டே ஊசியைச் செருகிவிடுவார். குத்தியதே தெரியவில்லை என்பார்கள். என்னை முழுதாகப் பேசவிட்டுக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தேனியில என்ன சொன்னாக? செத்துருச்சுன்னாகளா, தெரியலன்னாகளா?"

"பட்டியல்ல தெரியல மதினி. அப்ப செத்துருச்சுன்னுதான அர்த்தம்?"

"எங்க மிஷினு ரிசல்ட் இல்லன்னு காட்டுனா, இந்தாளுக்கு ரத்தமே இல்லன்னு எழுதிக் குடுத்துருவோமா கொழுந்தனாரே? டியூபை வேற குழியில வச்சு ஓட்டிப் பாப்போம். பெட்டியப் போடுங்க."

போட்டேன். பெட்டி உயிர் பெறும்போது முதலில் கறுப்புத் திரையில் ஏதேதோ எழுத்து ஓடும். நான் ஒருநாளும் அதைப் படித்ததில்லை. அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போவேன். மதினி போனை எடுத்து அந்தத் திரையை வீடியோ பிடித்தார். பிறகு அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

"இங்கன நாலு பேரும் இருக்காகளே. ரெண்டு மேல, ரெண்டு தனியாக் கீழ. அப்பறம் உங்க பட்டியலுக்கு வரும்போதுதான் கீழ இருக்க ரெண்டும் காணாமப் போறாக. செத்தவுக எப்படி மொதல்ல பேரு குடுத்தாக?"

நாலு நாளாக நான் புதைத்தும் உலர்த்தியும் பார்த்தேனே தவிர, அந்தத் திரையைப் படிக்கவில்லை.

மூடியைக் கழற்றச் சொன்னார். கைப்பையிலிருந்து லேப் மார்க்கரை எடுத்து, பிளாஸ்திரியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி டிஸ்க்குகளில் ஒட்டினார். குங்குமப் பொட்டைக் கவனமாக விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒட்டினார். மூன்றாவதை ஒட்டும்போது முகர்ந்துவிட்டு, "பாயாசம் வைக்கலாம் போலருக்கே" என்றார். அந்த நிலையிலும் என்னைக் கேலி செய்ய அவரால் முடிந்தது. பிறகு டார்ச் அடித்து மதர்போர்டைக் குனிந்து பார்த்தார்.

"ஒயர் குத்துற குழி இங்கன நாலு நீலம். அங்கன ஓரத்துல ரெண்டு வெள்ளை. ஏன் ரெண்டு நிறம்?"

நான் அதை யோசித்ததே இல்லை. பூஜை முடிந்து மாட்டும்போது ஓரத்துச் சாக்கெட்டுகள் கைக்கு வாகாக இருந்தன. ஒயரும் மடங்காமல் அழகாக நின்றது. அதனால் மூன்றையும் நான்கையும் வெள்ளையில் மாட்டியிருந்தேன். முன்பு நான்கும் நீலத்தில்தான் இருந்தன.

சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. இரண்டையும் ஒரேயடியாக மாற்றக் கையை நீட்டினேன். மதினி என் கையைத் தட்டிவிட்டார்.

"ஒரு நேரத்துல ஒண்ணு."

பெட்டியை அணைத்து, மூன்றாவதை மட்டும் நீலத்துக்கு மாற்றினோம். பட்டியலில் வந்துவிட்டது. நான் துள்ளினேன். அவர் துள்ளவில்லை. ஒயர் சரியாக அழுந்தாமல் இருந்து இப்போது அழுந்தியிருக்கலாம் அல்லவா என்று கேட்டு, அதையே மறுபடி வெள்ளையில் மாட்டச் சொன்னார். மறைந்தது. மறுபடி நீலம். வந்தது. ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட நான்கைந்து நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் அவர் அவசரமே படவில்லை. ஊருக்கெல்லாம் செய்வதைப் போலத்தான் தன்னுடையதற்கும் செய்தார். யாரோ முகம் தெரியாத ஆளின் ரத்தத்தைப் பார்ப்பதுபோல, தன் புருஷனின் கடைசிப் பதினொரு நிமிடத்தை நோண்டிக்கொண்டிருந்தார். அந்த நிதானத்துக்கு முன்னால் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கும்பிடலாம் போலவும் இருந்தது.

பிறகு நான் இணையத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது இது. நீலச் சாக்கெட்டுகள் மதர்போர்டின் சொந்தப் பிள்ளைகள். வெள்ளை இரண்டும் தனியாக ஒட்டவைத்த வேறொரு கன்ட்ரோலர் சிப்புக்குச் சொந்தம். மதர்போர்டுக்கு அந்தச் சிப்பைத் தெரியும், அதனால் முதல் திரையில் காட்டுகிறது. என் இலவச மென்பொருளுக்கு அதோடு பேச்சுவார்த்தை கிடையாது. இந்தச் சிப்பை ஆதரிக்கவில்லை, அதில் டிஸ்க்கை மாட்டாதீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சந்தனம் ஒரு பாவமும் அறியாது.

மூன்று இருந்தாலே கிடங்கு திறக்கும் என்றாலும், நாலும் வரட்டும் என்று மதினி சொன்னதால் நான்காவதையும் மாற்றினோம். கிடங்கு திறந்தது. மதினி இன்னொரு பிளாஸ்திரி கிழித்து, இரண்டு வெள்ளைச் சாக்கெட்டின் வாயையும் மூடி, "இங்கே குத்தாதே" என்று எழுதினார். அது இன்றும் அங்கேயே இருக்கிறது. திங்கட்கிழமை முதல் வேலையாக இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தன்னிடம் தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். லேபில் எந்தச் சாம்பிளையும் ஒரே குப்பியில் வைத்துக்கொண்டு தூங்கப் போகமாட்டார்களாம்.

"பாக்கிறீகளா மதினி?" என்று கேட்டேன்.

"இருக்குல்ல, அது போதும்" என்று எழுந்தார். செருப்பு வரைக்கும் போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "சரி, போடுங்க. ஒழுங்கா ஓடுதான்னு பாக்கணும்ல."

அண்ணன் பந்தலுக்கடியில் கவாத்துக் கத்தரியோடு நின்றார். "ஏ புள்ள, கொத்தைக் காட்டு. என் மூஞ்சிய எதுக்குப் புடிக்கிற?" என்றார். போனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரது என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவே இல்லை. மதினி அப்படிச் சிரிப்பார் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

பதினொரு நிமிடமும் அவர் அசையாமல் பார்த்தார். முடிந்ததும், "எல்லாம் சரியா இருக்கு" என்று ரிப்போர்ட் படிப்பதுபோலச் சொல்லிவிட்டு, பெட்டியருகே திறந்தபடி கிடந்த மார்க்கரை எடுத்து மூடியை மாட்டப் பார்த்தார். மாட்ட வரவில்லை. மறுபடி முயன்றார். மத்தியானம் முழுக்க ஒரு தடவைகூடப் பிசகாத அந்தக் கையிலிருந்து மார்க்கரை நான்தான் வாங்கி மூடிக் கொடுத்தேன்.