குளிசையும் நாற்பது தொன்னும்

1. நாக்கில் வைத்த குச்சி

ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து கொன்டெய்னர் ஏற்றிக்கொண்டு ஹனோவர் பக்கம் ஓடுவது என் வேலை. பெயர் ரெஜினா, ஊர் மன்னார். பெண் என்பதால் மறிக்கும் பொலிஸார் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகுதான் டயரைப் பார்ப்பார்கள். அந்தத் திங்கட்கிழமை டயரைப் பார்க்கவே இல்லை.

பெருந்தெரு ஓரத் தரிப்பிடத்துக்குள் என்னை வரச் சொன்னார்கள். லைசென்ஸ், சரக்குக் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாக ஒரு பொலிஸ்காரி நாக்கில் தடவும் குச்சியை நீட்டினார். சிறிது நேரத்தில் கருவி 'அம்ஃபெட்டமின்' என்று காட்டியது. போதைப்பொருள் பட்டியலில் இருக்கும் பெயர்.

காரணம் எனக்குத் தெரியும். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்குக் கவனக்குறைபாடு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இங்கே ஏ.டி.எச்.எஸ். என்பார்கள். அதற்கு மருத்துவர் தரும் குளிசை உடலுக்குள் போய் அம்ஃபெட்டமினாக மாறும். அவருடைய சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். பொலிஸ்காரி நிதானமாக வாசித்தார்.

"இது உங்களுக்கு உதவும். ஆனாலும் இரத்தம் எடுக்க வேண்டும். இன்றைக்கு நீங்கள் ஓட்ட முடியாது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

முதலாளிக்குப் போன் எடுத்தேன். சிவா அண்ணை யாழ்ப்பாணத்தவர். சொந்தமாக ஆறு லொறி வைத்திருக்கிறார்.

"என்ன பிள்ளை, தூள் கீள் அடிச்சனியோ?"

"இல்லை அண்ணை. டொக்டர் தாற குளிசை."

"அப்ப ஏன் பொலிஸ் பிடிச்சு வைச்சிருக்கு?"

"அந்த மெஷினுக்குத் தூளும் குளிசையும் ஒண்டுதான்."

அவர் அன்ரனை அனுப்பினார். எங்களோடு ஓடும் இன்னொரு ஓட்டுநர். என் லொறியில் ஏறியதும் அவன் முதலில் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினான். இரத்தம் எடுக்க ஊசி குத்தியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

2. சிவா அண்ணையின் யோசனை

இரத்தப் பரிசோதனையில், மருத்துவர் எழுதித் தந்த அளவுக்கு மேல் எதுவும் இல்லை என்று வந்தது. அபராதமும் இல்லை. ஆனால் லைசென்ஸ் வழங்கும் கந்தோர் என்னை விடவில்லை. லொறி ஓட்டும் தகுதி எனக்கு உண்டா என்று அங்கீகாரம் பெற்ற மருத்துவர் ஒருவரின் அறிக்கை வேண்டும் என்றார்கள். அதை இங்கே குட்டாக்டன் என்பார்கள். கார் ஓட்டுபவரைவிட எங்களுக்கு விதி கடுமை. நாற்பது தொன் பாரத்தை ஊருக்குள் கொண்டுபோகிறவளை இரண்டு தரம் பார்க்கத்தான் வேண்டும். அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை.

அறிக்கை வரும்வரை அண்ணை என்னை முற்றத்து வேலைக்குப் போட்டார். ட்ரெய்லர் கழுவுவது, விளக்குப் பார்ப்பது. இரண்டாவது கிழமை கோப்பி எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"ரெஜினா, குளிசையை விட்டிட்டுப் போய்ச் சோதனையைச் செய். இப்ப போடுறேல்லை எண்டு சொல்லு. கதை முடிஞ்சுது."

"பிறகு ரோட்டிலை?"

"பிறகு உன்ரை விருப்பம். ஆர் பாக்கப்போறான்?"

"குளிசை இல்லாமல் சோதிச்சுப்போட்டு, குளிசையோட ஓட ஏலாது அண்ணை. நான் எப்பிடி ஓடுறனோ அப்பிடியே சோதிக்கட்டும்."

"தோத்தா?"

"தோத்தா இறங்கிறன். ஒளிச்சு ஓடமாட்டன்."

"உனக்குச் சரியான பிடிவாதம்."

"ஓம்" என்றேன்.

குளிசை என்ன செய்கிறது என்று அவருக்கு விளக்கிப் பார்த்தேன். அது உசார் ஏற்றுவதில்லை. முன்பெல்லாம் என் தலைக்குள் நாலு ரேடியோ ஒன்றாகப் பாடும். குளிசை போட்டால் மூன்று நின்றுவிடும். மற்றவர்கள் எப்போதும் இப்படித்தான் ஓடுகிறார்களா என்று அதைப் போட்ட முதல் நாள் நான் வியந்தேன்.

3. ஒரு பகுதி போதவில்லை

அறிக்கை எழுதும் மருத்துவர் வயதான பெண்மணி. நித்திரை எப்படி, இதயம் எப்படி, குளிசையை எப்போது போடுகிறேன், மது உண்டா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். பிரஷர் பார்த்தார். பிறகு கணினிக்கு முன்னால் இருத்தினார்கள். நிறம் மாறினால் கையால் அழுத்த வேண்டும், சத்தம் கேட்டால் காலால் மிதிக்க வேண்டும். விளக்கும் சத்தமும் வேகமாக வர வர என் கையும் காலும் ஒன்றையொன்று முந்தின.

"மற்றவை நன்றாக இருக்கின்றன. இந்த ஒரு பகுதி போதாது" என்றார் மருத்துவர். "வீதியில் ஓட்டிக் காட்ட ஒரு வாய்ப்பு உண்டு. உளவியலாளர் கூட வருவார். வேண்டாம் என்றால் விண்ணப்பித்து லைசென்ஸைக் கார் மட்டத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம்."

"ஓட்டிக் காட்ட ஆகக் கிட்டிய திகதி எப்போது?" என்று கேட்டேன்.

வெளியே வந்து வாசலில் நின்று அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எஸ்-பான் ரயில் பிடித்தேன்.

4. பச்சை விளக்கில் நின்றது

வீதிச் சோதனைக்குத் தந்தது ஓட்டுநர் பாடசாலையின் லொறி. பக்கத்தில் பயிற்றுநர், பின்னால் உளவியலாளர். காலையில் வழக்கம்போல குளிசை போட்டிருந்தேன். பெருந்தெரு சுலபமாகப் போனது. ஊருக்குள் ஒரு சந்தியில் வலப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. விளக்கு பச்சையானது. நான் அசையவில்லை. பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. பிறகு இன்னொன்று.

"யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று உளவியலாளர் கேட்டார்.

"கண்ணாடியில் ஒரு சைக்கிள் வந்தது. இப்போது அதில் இல்லை. எனக்கு முன்னாலும் போகவில்லை."

சொல்லி வாய் மூடவில்லை, வலப்பக்கக் கதவோரத்து மறைவிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வெளிப்பட்டாள். பின் இருக்கையில் குழந்தை. அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் சந்தியைக் கடந்த பிறகுதான் நான் திரும்பினேன். பயிற்றுநர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

லொறி ஓட்டத் தகுதி உண்டு என்று அறிக்கை வந்தது. லைசென்ஸ் கந்தோரும் அதை ஏற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் மருத்துவரின் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அறிக்கையைக் கொண்டுபோய்ச் சிவா அண்ணையின் மேசையில் வைத்தேன். வாசித்தார். எழுந்து சாவியை எடுத்துத் தந்தார்.

"கப்பல் வந்து நிக்குது. நிண்டு கதைச்சுக்கொண்டிராதை, போ."

5. அன்ரன் கேட்டது

அதன்பிறகு ஒருநாள், துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது அன்ரன் என் ஜன்னலைத் தட்டினான். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, உங்கடை குளிசையிலை ஒண்டு தாங்கோ. ஸ்டுட்கார்ட் ஓட்டம். கண் சொருகுது."

"உனக்கென்ன விசரோ? இது என்ரை தலைக்கு டொக்டர் அளந்து தந்தது. நித்திரை வந்தா நித்திரை கொள்ளு."

"அண்ணை ஏசுவார்."

"அண்ணையோட நான் கதைக்கிறன்."

அவனுக்கு முன்னாலேயே போன் எடுத்தேன். "அன்ரன் இப்ப ஓடக்கூடாது அண்ணை" என்றேன். அவர் ஏசினார், நீண்ட நேரம் ஏசினார். நான் போனை வைக்கவில்லை. கடைசியில், "சரி, படுத்தெழும்பிப் போகச்சொல்லு" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மருந்து போடுவது வெட்கமில்லை. போடுகிறதை மருத்துவருக்குச் சொல்லுங்கள், சான்றிதழை லொறியில் வைத்திருங்கள், அடுத்தவரின் மருந்தைத் தொடாதீர்கள். ஓட்டத் தகுதி உண்டா என்று லொறி லைசென்ஸ் புதுப்பிக்கும்போது மருத்துவர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கேட்பார், என்னை ஆண்டுக்கு ஒருமுறை. மற்ற நாட்களில் சாவியைத் திருப்புமுன் நாமேதான் கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், முதலாளி ஏசினாலும் இறங்கிவிட வேண்டும்.