கடைசி பெஞ்சுக்குப் போன பிபியானா

அம்மாவின் உடலை அப்பொலோனியா கழுவக் கூடாது என்று சித்தப்பா சில்வானுஸ் வாசலில் நின்று சொன்னார். அம்மா முந்தின நாள் விடிகாலையில் இறந்திருந்தார். அன்று மாலை அடக்கம். ஊர் வழக்கப்படி சவக்கிடங்கில் வாரக்கணக்கில் கிடக்க மாட்டேன் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். தன்னைக் கழுவி உடுத்திவிட வேண்டியது அப்பொலோனியாதான் என்றும் சொல்லியிருந்தார்.

"அவ கை பட்டா பங்காளிங்க ஒருத்தனும் குழி வெட்ட வரமாட்டான். குழி இல்லாம எங்க புதைப்ப?" என்றார் சித்தப்பா.

எங்கள் ஊரில் குழி வெட்டுவது பங்காளிகளின் உரிமை. வெட்டாமல் இருப்பது அவர்களுடைய ஆயுதம்.

அப்பொலோனியா, ஓசு என்று ஊர் ஒதுக்கிவைத்த குலம். அவருடைய முப்பாட்டன் ஏதோ ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர். அந்தத் தெய்வத்தின் கோயில் இருந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூடம். ஊர் முழுக்க ஞானஸ்நானம் வாங்கியாயிற்று. ஆனாலும் அந்த வீட்டில் யாரும் பெண் எடுப்பதில்லை, அவர்கள் கையால் வாங்கிச் சாப்பிடுவதில்லை.

அம்மா பிபியானாவும் பல வருடம் அவர்களை அப்படித்தான் ஒதுக்கிவைத்திருந்தார். பட்டம் கட்டிய குடும்பத்துப் பெண். அதை அவரும் மறக்க மாட்டார், மற்றவரையும் மறக்க விடமாட்டார். சந்தையில் துணிக்கடை. பங்குக் கோயிலில் 'நல்ல தாய்' என்று எஸின்னே பட்டம் கொடுத்து, கழுத்தில் பதக்கம் போட்டு, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மாதர் கூட்டத்தில் புனிதர்களின் வாக்கை எடுத்துச் சொல்பவருக்குத்தான் மைக் கிடைக்கும். அதனால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் கடையிலிருந்து புனிதர்கள் எழுதிய புத்தகங்களை வாங்கிவந்து படிக்க ஆரம்பித்தார். மைக்குக்காகத்தான். நான் வேறு மாதிரி எழுத மாட்டேன்.

மரியாயின் சேனை என்ற பக்தசபையில் வீடு சந்திக்கப் போகிறவர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். அப்பொலோனியாவுடன் போக யாரும் முன்வரவில்லை. முறைப்படி அம்மாவின் பெயர் வந்தது. மறுத்தால் பட்டத்துக்கு இழுக்கு. போனார். வழியில் மௌனமாக இருக்க முடியாமல், படித்ததையெல்லாம் அவரிடம் ஒப்பித்தார்.

அந்த நடையில்தான் புத்தகம் அம்மாவுக்குள் இறங்கியது. லேசாக இறங்கவில்லை. ஒருநாள் தாழ்ச்சியைப் பற்றி ஒரு புனிதை எழுதியதைப் படித்துவிட்டு, ஞாயிறு பூசைக்கு முன்வரிசையை விட்டுக் கடைசி பெஞ்சில், அப்பொலோனியா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பூசை முடிந்ததும் அப்பொலோனியா கேட்டாராம்:

"ஏன் பிபி, கழுத்து சுளுக்கிக்கிச்சா?"

"இல்லையே, ஏன்?"

"பூசை முழுக்க அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தியே. யாரு யாரு பாத்தாங்கன்னு கணக்கு சரியா வந்துச்சா?"

அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு அவர் வீட்டுக்கே போய் உகு கீரை சூப்பும் ஃபுஃபு களியும் சாப்பிட்டுவிட்டு, அதைச் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கும் கிடைத்தது: "என் சோத்தத் தின்னதுக்கு இன்னொரு பதக்கம் வேணுமாடி?" கடைசியில் பதக்கத்தைப் பீடத்தின் முன் வைத்துத் திருப்பிக் கொடுக்கப் போவதாக அம்மா சொன்னபோது அப்பொலோனியா சிரித்தார். "அதையும் எல்லாரும் பாக்கணும், அதானே. பேசாம வீட்டுல எங்கயாவது போட்டுட்டு வா."

அம்மா அதை அரிசி டப்பாவில் போட்டார். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. சூப்பை மட்டும் வாரந்தோறும் போய்க் குடித்தார். யாரிடமும் சொல்லவில்லை. பங்காளிகள் தாமாகவே கண்டுபிடித்துத் தாமாகவே கொதித்தார்கள்.

இப்போது சித்தப்பா குரலை இறக்கினார். "அகுடோ, நீ படிச்ச பொண்ணு. உங்கம்மா புனிதருங்க புத்தகமாப் படிச்சவ. தாழ்ச்சியுள்ளவ. இப்ப உயிரோட இருந்தா, ஊரோட ஒத்துப் போகலாம்னுதான் சொல்லுவா."

கூடத்தில் வாளியும் சோப்பும் துண்டுமாக அப்பொலோனியா உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. துண்டை மடித்து என்னிடம் நீட்டினார்.

"நீயே கழுவு மகளே. என்னால அவ குழியில்லாம கிடக்க வேணாம். நான் போறேன். எனக்கு இது பழக்கந்தான்."

நான் துண்டை வாங்கவில்லை.

"பெரியம்மா, சேனைக் கூட்டத்துல அந்தத் தலைவி உங்களக் கதவுகிட்ட உக்காரச் சொன்னப்போ நீங்க சரின்னு எழுந்தீங்களே. அம்மா அன்னிக்கு என்ன சொன்னாங்க?"

அவர் வாளியைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"சொல்லுங்க."

"'நீ மட்டம்னு அவங்க சொல்றதுக்கு நீ தலையாட்டினா அது தாழ்ச்சி இல்ல, பொய்ச்சாட்சி. போயி பாவசங்கீர்த்தனம் பண்ணு'ன்னா."

"பண்ணினீங்களா?"

"பண்ணினேன். சாமியாருக்கே சிரிப்பு வந்துடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தத் துண்டை உதறித் தோளில் போட்டார். "தண்ணிய வெதுவெதுப்பா வை. அவளுக்குப் பச்சத் தண்ணி ஆகாது."

நான் கொல்லையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தேன். வீட்டு வளவிலேயே இருந்த அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நூல் பிடித்து, நான்கு மூலையிலும் முளை அடித்தேன்.

"என்ன பண்ற?" என்றார் சித்தப்பா.

"குழி."

"பொம்பள குழி வெட்டுறதா? ஊரு சிரிக்கும்!"

"ஆழ்துளைக் கிணறு போடறது என் தொழில் சித்தப்பா. ஓவெரி டவுன்ல நீங்க குடிக்கிற தண்ணி நான் போட்ட குழியிலேருந்துதான் வருது. அப்ப யாரும் சிரிக்கல."

"அடக்கச் சாப்பாட்டுக்கு நாங்க யாரும் வரமாட்டோம்."

"மிச்சமாகும்."

மேல்மண் மழையில் ஊறியிருந்தது. விளிம்பு சரியாமல் இருக்க மேலே சற்று அகலமாக எடுத்தேன். கீழே சிவப்பு மண் இறுகி, சுவர் செங்குத்தாக நின்றது. நல்ல மண். இடுப்பளவு இறங்கியபோது சேனைப் பெண்கள் நான்கு பேர் களைக்கொத்துடன் வந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தி பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் குதித்தாள். பங்காளிகள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார்கள். ஜன்னல் திறந்தே இருந்தது. அப்பொலோனியா அம்மாவின் காலைத் தேய்ப்பது எல்லாருக்கும் தெரிந்தது. நான் ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை.

"தலப்பக்கம் இன்னும் கொஞ்சம் ஆழமாப் போடு! சும்மாவே தலை நிமிந்து நடப்பா!" என்று உள்ளேயிருந்து கத்தினார். குழிக்குள் நாங்கள் சிரித்தோம். அதன்பிறகு எனக்கு மண் தெரியவில்லை. கண்ணீர் மறைத்தது. வெட்டிக்கொண்டே இருந்தேன்.

பெட்டியை மூடும்முன் சித்தப்பாவின் மனைவி வேலியோரமாக வந்து, அந்தப் பதக்கத்தையாவது மாட்டிவிடு என்று கெஞ்சினாள். எங்கே இருக்கிறது என்று தெரியாது என்றேன். தெரியும்.

பங்குத்தந்தை வந்து குழியை மந்திரித்தார். யார் வெட்டியது என்று கேட்கவில்லை. பெட்டியின் தலைமாட்டை அப்பொலோனியா பிடித்தார், கால்மாட்டை நான். பக்கத்துக்கு இரண்டு பெண்கள். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ காறித் துப்பும் சத்தம் கேட்டது. நாங்கள் நடையை மாற்றவில்லை.

முதல் பிடி மண்ணைப் போடும் முறை மூத்த பங்காளிக்கு. நான் வேலியைப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. அப்பொலோனியாவின் கையில் மண்ணை வைத்தேன்.

அவர் குனிந்து, பெட்டியிடம் சொன்னார்: "எல்லாரும் வந்துதான் இருக்காங்க பிபி. வேலியோட நிக்கறாங்க. நீ திரும்பிப் பாக்காத."

மண்ணைப் போட்டார்.