பெண்கள் வார்டில் ஓர் ஆண் குரல்

தக்கலைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது ஒருத்தியைச் சேர்த்தார்கள். பெண்கள் வார்டுக்குள் ஆண் வந்துவிட்டான் என்று மற்றவர்கள் கூச்சலிட்டார்கள். அவள் தாடையில் மழித்த தடம் பச்சையாகத் தெரிந்தது. கஞ்சி குடிக்கும்போதுகூட முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வாள்.

ஒரு பெண் குழந்தை பிறந்து சில வருடங்களுக்குப் பிறகுதான் அவளுக்கு மாதவிலக்கு நின்று, மீசை முளைத்து, குரல் தடித்திருக்கிறது. பேய் பிடித்ததென்று புருஷன் வீட்டில் அடித்தார்கள். பிறகு குழந்தையை வைத்துக்கொண்டு அவளை மட்டும் துரத்திவிட்டார்கள்.

டாக்டரம்மா அறுவை செய்து சூல்பையிலிருந்த கட்டியை எடுத்தார். ஆணுக்குரிய சுரப்பை அந்தக் கட்டிதான் சுரந்தது என்றார். விரைவிலேயே மாதவிலக்கு வந்தது. முகத்து முடியும் குறையத் தொடங்கியது. குரல் மட்டும் இனி மாறாது என்று சொல்லிவிட்டார்.

செய்தி தெரிந்து புருஷன் வந்தான்.

"இப்ப நீ பொம்பள ஆயிட்டியாமே. வா, போலாம்."

"அடி வாங்குன அண்ணைக்கும் நான் பொம்பளதான்."

அந்தத் தடித்த குரலைக் கேட்டு அவன் பதறிச் சுற்றிலும் பார்த்தான். "மெதுவா பேசுட்டி. ஊருல நீ வாயே தொறக்கப்பிடாது."

அவள் போகமாட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் துணிகளை மூட்டை கட்டினாள். "இவன் கூடயா போற?" என்று கேட்டேன்.

"பிள்ள அங்க கெடக்கு அக்கா. மொகத்தப் பாத்தா அம்மைன்னு தெரியும். பேசினாத்தான் பயந்திரும்."

அதன்பின் படியிறங்கும்வரை அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனுக்குப் பணிந்தாளா, பிள்ளைக்காகப் பேசாமலிருக்க அப்போதே பழகிக்கொண்டாளா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.